சோளக்கொல்லைப் பொம்மை

சின்னத்திரைச் சரித்திரம்: பன்னிரண்டாம் அத்தியாயம்

கிளீவ்லண்ட் நகரத்து இளைஞர்களான ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் தங்கள் மானஸ புத்திரனாகிய சூப்பர்மேனை 1938-ஆம் ஆண்டில் 130 டாலருக்குக் கிரயம் செய்துகொடுத்த கதையைச் சென்ற அத்தியாயத்தில் சொல்லி நிறுத்தியிருந்தேன். அப்போது கைமாறியவன் வளர்ந்து ஆளாகிவிட்ட வீரன். மார்பில் முத்திரையும் முதுகில் செந்நிறப் போர்வையுமாக உயர்ந்த மாளிகைகளை ஒரே தாவலில் தாண்டுகிறவன். அவனுடைய பிள்ளைப் பிராயமும் அந்தக் கிரயத்தில் சேர்ந்ததா, அல்லது பெற்றவர் கையிலேயே தங்கிவிட்டதா என்ற கேள்வி அன்று யாருக்கும் எழவில்லை. பின்னால் எழுந்தபோதோ, அது நடுநடுவே உறங்கியும் விழித்தும், அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அந்தப் பிள்ளைப் பிராயத்தைத்தான் பத்து வருஷ காலம் வாராவாரம் டெலிவிஷனில் நடித்துக் காட்டினார்கள். ‘ஸ்மால்வில்’ என்ற பெயரில் 2001 முதல் 2011 வரை ஓடிய அந்த நாடகமே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

நம்முடைய பிரபந்த வகைகளை நினைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். தலைவன் குழந்தையாய்ச் செங்கீரை ஆடுவதும் சப்பாணி கொட்டுவதும் தொடங்கிச் சிறுதேர் உருட்டுகிற வரையில் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுவதற்குப் பிள்ளைத்தமிழ் இருக்கிறது. அவன் வளர்ந்து வீதியிலே பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை எழுவகைப் பெண்டிரும் கண்டு மயங்குவதைப் பாட உலா இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், குரல் உடைந்து, மீசை அரும்பி, கையையும் காலையும் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் திகைக்கிற பருவத்துக்கு விடலை என்று பெயர் மட்டும் வைத்துவிட்டு, பிரபந்தம் ஒன்றும் வைக்காமல் போய்விட்டார்கள். ஆயர்பாடிக் கண்ணன்கூட வெண்ணெய் திருடுகிற வயசிலிருந்து குழலூதிக் கோபியரை மயக்குகிற வயசுக்கு ஒரே எட்டில் போய்விடுகிறான். நடுவில் அவன் கூச்சப்பட்டான், தடுமாறினான் என்று சொல்வாரில்லை.

அமெரிக்கக் காமிக்ஸ் உலகத்தில் இந்த இடைவெளி முதன்முதலில் சீகலின் கண்ணில்தான் பட்டது. சூப்பர்மேன் அச்சேறிய அதே 1938-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அந்த வீரன் பிள்ளையாக இருந்தபோது செய்த காரியங்களைத் தனியொரு தொடராக எழுதித் தருகிறேன் என்று அவர் தம் பதிப்பாளர்களிடம் கேட்டார். அவர் மனத்தில் இருந்த பிள்ளை உலகத்தை ரக்ஷிக்கப் புறப்பட்டவன் அல்லன். பொறுப்பு என்கிற பாரம் தலையில் ஏறுவதற்கு முன்னால், தன்னுடைய அபாரமான பலத்தைக் கொண்டு விஷமம் செய்து திரிகிறவன். பதிப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள். 1940-இல் கதையாகவே எழுதி அனுப்பினார். அதுவும் பெட்டிக்குள் போயிற்று. பிறகு யுத்தம் வந்தது. 1943-இல் சீகல் ராணுவத்துக்குப் போனார். அவர் சிப்பாய் உடுப்பில் இருந்த காலத்திலேயே, 1944-இன் இறுதியில் கடைக்கு வந்த ‘மோர் ஃபன் காமிக்ஸ்’ என்னும் பத்திரிகையின் 101-ஆம் இதழில், சூப்பர்பாய் என்ற நாமதேயத்தோடு அந்தப் பிள்ளை பிரசன்னமாகிவிட்டான். சீகலை யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று ஒதுக்கிய சரக்கை, கொண்டுவந்தவன் ஊரில் இல்லாத சமயம் பார்த்துக் கடையில் பரப்பிய கதைதான்.

1947-இல் சீகலும் ஷூஸ்டரும் நியூயார்க் மாகாணத்தில் வியாஜ்யம் தொடுத்தார்கள். சூப்பர்மேனையே திருப்பித் தரவேண்டும் என்பது அவர்கள் பிரார்த்தனை. மறு ஆண்டு, வழக்கை விசாரித்த நடுவர் ஒரு விநோதமான முடிவைச் சொன்னார்: வளர்ந்த வீரன் பதிப்பாளருக்கே சொந்தம், ஏனென்றால் அவன் சட்டப்படி விற்கப்பட்டவன், ஆனால் பிள்ளை சீகலுக்குச் சொந்தம், ஏனென்றால் அவனை யாரும் வாங்கவில்லை. ஒரே மனிதனின் இளமை ஒருவருக்கும் முதுமை மற்றொருவருக்கும் பாத்தியம் என்று பாகப்பிரிவினை செய்த தீர்ப்பு வேறு எங்கேனும் உண்டோ என்னவோ! இந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு சீகல் பிள்ளையை வளர்த்திருக்கலாம். கையில் காசில்லாதவருக்கு அந்தப் பாக்கியம் ஏது? வழக்குச் செலவு கழுத்தை நெரிக்க, ஏறக்குறைய 94,000 டாலருக்குச் சமரசம் பேசி, பிள்ளை, பெரியவன் இருவரையும் சேர்த்தே எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பின் கதையின் தலைப்பில் இருந்த இருவர் பெயரும் எடுக்கப்பட்டன. பத்திரிகைகளில் கண்டனம் கிளம்பி, 1975-இல் உரிமையாளர்கள் ஆண்டுக்கு 20,000 டாலர் உபகாரச் சம்பளம் கொடுக்க ஒப்புக்கொண்டபோதுதான் அந்தப் பெயர்கள் மறுபடி வந்தன.

பிள்ளையின் கதைகளைப் பிறர் எழுதிக் குவித்தார்கள். அவன் வளர்ந்த ஊருக்கு ஸ்மால்வில் என்ற பெயர் 1949-இல் கிடைத்தது. அண்டைவீட்டுப் பெண் லானா லாங் 1950-இல் வந்தாள். பிற்காலத்துப் பரம சத்துருவான லெக்ஸ் லூதர், பாலியத்தில் அவனுக்குச் சிநேகிதனாக இருந்து, ஆராய்ச்சிச்சாலை விபத்தொன்றில் தலைமயிரை இழந்து, அந்தக் கோபத்திலேயே பகைவனானான் என்ற கதை 1960-இல் வெளியாயிற்று. மயிருக்காக உலகத்தை அழிக்கப் புறப்படுவதா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் சிநேகம் பகையாகத் திரும்பிற்று என்கிற கருவை அந்தச் சிறுபிள்ளைக் கதையிலிருந்துதான் பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். டெலிவிஷனுக்காக 1961-இல் எடுத்த ஒரு முன்மாதிரிக்கு வாங்குவாரில்லை. 1988 முதல் 1992 வரை ஃப்ளோரிடாவில் எடுத்து 100 வாரங்கள் காட்டிய சூப்பர்பாய் நாடகத்தில் கதாநாயகன் முதல் வாரத்திலிருந்தே போர்வை கட்டிக்கொண்டு பறந்தான். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இதற்கிடையே, 1986-இல் ஜான் பைர்ன் என்ற ஓவியர் மூலக்கதையைத் திருத்தி எழுதியபோது, சூப்பர்பாய் என்ற ஒருவன் இருந்ததே இல்லை, கிளார்க் கென்ட் என்னும் பண்ணைவீட்டுப் பையன் சிறிது சிறிதாகச் சக்தி பெற்று வளர்ந்தான், அவ்வளவுதான் என்று ஆக்கிவிட்டார். ‘ஸ்மால்வில்’ நாடகத்தின் விதை இந்தத் திருத்தத்தில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

ஆனால் நாடகம் பிறந்த விதம் வேறு. முதலில் பேசப்பட்டது சூப்பர்மேனே அல்ல. பேட்மேனாக ஆகப்போகிற ப்ரூஸ் வேயினின் இளமையை டெலிவிஷன் தொடராக எடுக்கலாம் என்று டோலின்-ராபின்ஸ் நிறுவனத்தார் திட்டமிட்டிருந்தார்கள். வார்னர் பிரதர்ஸின் சினிமாப் பிரிவார் அந்த வீரனின் பூர்வ கதையைப் படமாகவே எடுக்கப்போகிறோம் என்று சொல்லிவிடவே, அந்த யோசனை கைவிடப்பட்டது. அதன் பின்பு வார்னர் டெலிவிஷன் தலைவராயிருந்த பீட்டர் ராத், ஆல்ஃப்ரெட் கஃப், மைல்ஸ் மில்லர் என்ற இரட்டை எழுத்தாளர்களை அழைத்து, சூப்பர்மேனின் இளமையை எழுத முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் அவன் அந்த உடுப்பைப் போடக்கூடாது, பறக்கவும் கூடாது என்றார்கள் இருவரும். அந்தப் பேச்சு ஒரு சூத்திரம்போல் நிலைத்துவிட்டது. சமையலுக்கு உட்காரும்போதே உப்பும் புளியும் வேண்டாம் என்று சொல்லுகிற சமையற்காரனைப்போல இது தோன்றலாம். சூப்பர்மேன் என்றாலே ஜனங்களுக்கு நினைவுக்கு வருவது இரண்டே சமாசாரம்: உடுப்பு, பறத்தல். இரண்டையும் நீக்கிவிட்டால் மிச்சம் என்ன?

மிச்சம் இருந்தது கான்ஸஸ் மாகாணத்து மக்காச்சோளக் கொல்லைகளும், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனும், அவன் வெளியில் சொல்ல முடியாத ஒரு ரகசியமும். முடிவு எல்லாருக்கும் தெரியும். கதாநாயகன் யார் ஆகப்போகிறான், யாரை மணக்கப்போகிறான், எவன் அவனுக்குப் பகைவன் ஆகப்போகிறான் என்பதெல்லாம் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தெரியாதவன் அவன் ஒருவனே. இராமன் காட்டுக்குப் போவான் என்று தெரிந்துகொண்டே பட்டாபிஷேக ஏற்பாடுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிற சபையின் நிலைதான் இந்த நாடகத்தைப் பார்த்தவர்களுக்கும். லெக்ஸ் லூதர் சிரித்த முகத்தோடு நண்பன் தோளில் கை வைக்கும்போதெல்லாம் பார்ப்பவர் மனம் திக்கென்றது; அது ஆசிரியர்கள் வலிய வரவழைத்தது அல்ல, முடிவு முன்னமே தெரிந்திருந்ததன் பலன்.

முதல் நாள் காட்சி 2001 அக்டோபர் 16, செவ்வாய்க்கிழமை. நியூயார்க் கோபுரங்கள் இடிந்து ஐந்தே வாரங்கள் ஆகியிருந்தன. டபிள்யூ.பி. என்னும் அந்தச் சிறிய ஒளிபரப்பு நிறுவனத்தின் நாடகம் எதையும் முதல் நாளில் அவ்வளவு பேர் அதுவரை பார்த்ததில்லை. 84 லட்சம் பேர் பார்த்தார்கள். டேவிட் நட்டர் இயக்கிய அந்த முதல் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்; பின்னால் வந்த பத்து வருஷமும் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

1989-ஆம் ஆண்டு. கெட்டியாகக் கடைந்த சோளத்துக்கு உலகத் தலைநகரம் என்று ஊர் முகப்பிலே பலகை மாட்டிக்கொண்டு பெருமைப்பட்ட சிற்றூரில், ஒரு நாள் விண்கற்கள் மழையாகப் பொழிகின்றன. அந்தக் கல் ஒன்று விழுந்து, மூன்று வயசுக் குழந்தை லானாவின் கண்ணெதிரே அவளுடைய தாயும் தந்தையும் மாள்கிறார்கள். தகப்பனோடு ஹெலிகாப்டரில் வந்திறங்கிய பணக்காரப் பிள்ளை லெக்ஸ், சோளக்கொல்லைக்குள் அலைந்து போய், அங்கே சிலுவை போன்ற மரத்தில் ஒரு மாணவனைப் பொம்மையாகக் கட்டிவைத்திருப்பதைக் கண்டு திகைத்து நிற்கையில், கல் விழுந்த வேகத்தில் தலைமயிர் அனைத்தையும் இழக்கிறான். அதே மழையோடு மழையாக வந்திறங்கிய சிறு விமானத்திலிருந்து வெளிப்பட்ட குழந்தையைப் பிள்ளையில்லாத ஜோனதன், மார்த்தா தம்பதிகள் எடுத்து வளர்க்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தப் பலகையில் சோளம் போய்விட்டது. விண்கற்களுக்கு உலகத் தலைநகரம் என்று எழுதியிருக்கிறது. துக்கத்தையும் வியாபாரமாக்கிக்கொள்ளும் ஊர்க்காரர்களின் சாமர்த்தியத்தை ஒரு பலகையிலே காட்டிவிட்டார்கள்.

இந்த ஊரில் உள்ள உர ஆலையை நிர்வகிக்கும்படி தகப்பனால் அனுப்பப்பட்ட லெக்ஸ், பாலத்தின்மேல் கார் ஓட்டி வருகையில், சாலையில் கிடந்த முட்கம்பிச் சுருளில் ஏறி நிலைதவறி, அங்கே நின்றுகொண்டிருந்த கிளார்க்கை மோதிக்கொண்டு ஆற்றில் விழுகிறான். கிளார்க் நீருக்குள்ளே காரின் கூரையை வாழையிலைபோல் கிழித்து அவனைக் கரையேற்றிப் பிழைக்க வைக்கிறான். நன்றிக்கு அடையாளமாக லெக்ஸ் புத்தம் புதிய சிவப்பு டிரக் ஒன்றை அனுப்பி வைக்கிறான். அதைத் திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார் தகப்பனார். பிள்ளைக்கு ஆத்திரம், பந்தாட்டக் குழுவில் சேரவும் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தவர் அல்லவா? அன்றைக்குத்தான், சூறாவளிக்கு ஒதுங்குவதற்காகத் தோண்டிய நிலவறைக்கு மகனை அழைத்துப் போய், துணியை விலக்கி, அவன் வந்த விமானத்தைக் காட்டுகிறார். நீ எங்களுக்குப் பிறந்தவன் அல்லன் என்று ஒரு குடியானவன் தன் மகனிடம் சொல்ல நேர்கிற அந்தச் சந்தர்ப்பத்துக்குக் கிரகமும் விண்வெளியும் பின்னணியாக இருந்தாலும், அதைப் பார்த்தவர்கள் அழுதது விண்வெளிக்காக அல்ல.

லானாவின் கழுத்தில் ஒரு பச்சைக் கல் பதக்கம். பெற்றோரைக் கொன்ற விண்கல்லின் துண்டையே பதக்கமாகச் செய்து அணிந்திருக்கிறாள். அது கிளார்க் பிறந்த கிரிப்டன் கிரகத்துக் கல்; அருகே போனால் அவனுக்குத் தலை சுற்றும், கால் தள்ளாடும், கையிலுள்ள புத்தகங்கள் கீழே விழும். மனத்துக்கு இசைந்த பெண்ணின் அருகில் போனால் பையன்களுக்கு நாக்குழறுவது உலக வழக்கம். அந்த வழக்கத்துக்கு ஒரு பௌதிக காரணத்தைக் கண்டுபிடித்து, அதையும் அவள் கழுத்திலேயே தொங்கவிட்டார்களே, அந்தக் கற்பனைக்கு மட்டும் ஆசிரியர்கள் இருவருக்கும் பொன்னாடை போர்த்தலாம். லானாவின் காதலன் விட்னி, பொறாமையினால் அந்தப் பதக்கத்தைக் கிளார்க்கின் கழுத்தில் மாட்டி, மேலாடையைக் களைந்து, மார்பிலே சிவப்புச் சாயத்தால் எஸ் என்ற எழுத்தைத் தீட்டிச் சோளக்கொல்லையில் கட்டிவிடுகிறான். பின்னொரு காலத்தில் உலகமே வணங்கப்போகிற முத்திரை முதன்முதலில் அந்த மார்பில் ஏறியது அவமானச் சின்னமாக. கட்டை அவிழ்த்து விடுகிறவன் யார்? லெக்ஸ் லூதர்.

அன்றிரவு தன்னைக் கட்டிய பையன்களைக் கிளார்க் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் நடன விருந்து முடிந்து வெளியில் வந்து பார்க்கும்போது, அவர்களுடைய டிரக்குகள் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. 1938-இல் சீகல் நினைத்து, பதிப்பாளர்கள் வேண்டாம் என்ற அந்த விஷமக்காரப் பிள்ளை இந்த ஒரு கணத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான்.

இவ்வளவு புகழ்ந்தபின் குறையையும் சொல்லிவிட வேண்டும். முதலாண்டு முழுவதும், வாரத்துக்கு ஒருவனாக, பச்சைக் கல்லின் விஷம் ஏறி விபரீத சக்தி பெற்ற பள்ளிப் பிள்ளை எவனாவது புறப்படுவான். ஒருவன் பூச்சியாவான், ஒருத்தி வேறு முகம் எடுப்பாள். கிளார்க் அவர்களை அடக்குவான். மறுவாரம் ஊர் எல்லாவற்றையும் மறந்திருக்கும். வாரம் ஒரு விகாரம் என்று ரஸிகர்களே கேலி செய்யும்படி ஆயிற்று. லானாவுக்கும் கிளார்க்குக்கும் இடையே நடந்த ‘சொல்லட்டுமா, வேண்டாமா’ என்கிற ஊசலாட்டத்தை ஏழு ஆண்டுகள் இழுத்தது அதைவிடப் பெரிய அபசாரம். பட்டுக்கயிறானாலும் அவ்வளவு தூரம் இழுத்தால் நூல்நூலாகப் பிரிந்துபோகாதா?

அந்தக் குறைகளையெல்லாம் தாங்கி நிறுத்தியவன் மைக்கேல் ரோஸன்பாம் நடித்த லெக்ஸ். தலையை மழித்துக்கொண்டு, ஸ்காத்லாந்திலிருந்து கல் கல்லாகப் பெயர்த்து வந்து கட்டியதாகச் சொல்லப்படும் மாளிகையில், அன்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தரக்கூடிய தகப்பனோடு வாழ்கிற அந்த வாலிபன், நல்லவனாக இருக்கவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறான். கிளார்க் தன்னிடம் பொய் சொல்லுகிறான் என்பது மட்டும் அவன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருக்கிறது. ஆற்றில் விழுந்த காரைத் தூக்கி வந்து, கிழிந்த கூரையை ஆராய்ந்து, நண்பனைப் பற்றிய ஒவ்வொரு துணுக்கையும் ஓர் அறையில் ரகசியமாகச் சேர்த்து வைக்கிறான். மூன்றாம் ஆண்டின் இறுதியில் கிளார்க் அந்த அறைக்குள் நுழைந்து, சுவரெங்கும் தன்னையே காண்கிற காட்சியில் சிநேகம் அறுகிறது. யார் செய்தது துரோகம்? மறைத்தவனா, துருவியவனா? காமிக்ஸ்காரர்கள் தலைமயிருக்குள் முடிந்து வைத்த பகையை இந்த நாடகம் பொய்க்கு மாற்றியது. அது பெரிய அபிவிருத்தி. தகப்பன் லயனெல் லூதராக வந்த ஜான் குளோவர், குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமலே பார்ப்பவரை நடுங்க வைத்தார்.

கிளார்க்காக நடித்த டாம் வெல்லிங் அதற்கு முன் கட்டட வேலை செய்தவர், விளம்பரப் படங்களுக்கு நின்றவர்; பெரிய நடிகர் என்று சொல்லமாட்டேன். ஆனால் தன் உடம்பின் பருமனைப் பார்த்துத் தானே கூச்சப்படுகிற ஒருவிதப் பாவம் அவருக்கு இயல்பாகவே வந்தது. அந்தப் பாத்திரத்துக்கு அதைவிட அதிகமாக ஒன்றும் தேவைப்படவில்லை. மார்த்தாவாக வந்த அனெட் ஓ'டூல், 1983-இல் வெளியான மூன்றாவது சூப்பர்மேன் சினிமாவில் லானாவாக நடித்தவர். கதாநாயகனின் பால்ய சிநேகிதியே பதினெட்டு வருஷத்துக்குப் பின் அவனுக்குத் தாயாகி வந்தாள். ஜோனதனாக வந்த ஜான் ஷ்னைடரின் மரணம் 2006 ஜனவரி 26-இல், நாடகத்தின் நூறாவது காட்சியில் நிகழ்ந்தது. லானாவிடம் உண்மையைச் சொல்லி விவாகத்துக்கும் கேட்கிறான் கிளார்க். அன்றே அவள் விபத்தில் மாய்கிறாள். காலத்தைத் திருப்பி அவளை மீட்கிறான். விதி கணக்கைத் தீர்த்துக்கொள்ள வேறொரு உயிரை எடுக்கிறது. மாகாண சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த இரவிலேயே ஜோனதன் நெஞ்சு வெடித்துப் பண்ணையில் விழுகிறார். 1978-ஆம் வருஷத்துச் சினிமாவில் இவை இரண்டும், தந்தையின் மாரடைப்பும் காலத்தைத் திருப்புதலும், தனித்தனி நிகழ்ச்சிகள். அங்கே காலத்தைத் திருப்பியதற்கு விலை ஒன்றும் கிடையாது. இங்கே ஒன்றை மற்றொன்றுக்கு விலையாக வைத்துவிட்டார்கள்.

அந்தச் சினிமாவின் நாயகர் கிறிஸ்டஃபர் ரீவ், 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவற்றுப் போனவர், 2003 பிப்ரவரி 25-இல் இந்த நாடகத்தில் தோன்றினார். காட்சியை நியூயார்க்கிலேயே எடுத்தார்கள். டாக்டர் ஸ்வான் என்ற விஞ்ஞானியாகச் சக்கர நாற்காலியில் அமர்ந்து, சுவாசக் கருவியின் தயவில் வாக்கியங்களை விட்டு விட்டுப் பேசி, எதிரே நிற்கிற பையனுக்கு அவனுடைய உண்மைப் பெயர் கால்-எல் என்றும், அவன் பிறந்த கிரகம் அழிந்துபோயிற்று என்றும் அறிவிக்கிறார். நாலு சினிமாக்களில் பறந்தவர் அசைய முடியாமல் இருக்க, இன்னும் பறக்கக் கற்காதவன் நின்றுகொண்டு கேட்கிறான். பழைய சினிமாவின் சங்கீதம் மெல்ல ஒலிக்கிறது. வசனம் என்னவோ சாதாரணந்தான். ஆனால் ஒரு பாத்திரத்தை ஒரு நடிகர் இன்னொருவர் கையில் ஒப்படைக்கிற சடங்கை அதற்கு முன்னும் பின்னும் இவ்வளவு பக்கத்தில் நான் கண்டதில்லை. ரீவ் மறு ஆண்டு மற்றொரு முறை வந்தார்; 2004 அக்டோபர் 10-இல் காலமானார்.

கான்ஸஸ் என்று நாம் நம்பியது அவ்வளவும் கனடா தேசத்து வான்கூவரும் அதன் சுற்றுப்புறமுமே. ஊர்க் கடைத்தெரு க்ளோவர்டேல், லூதர் மாளிகையின் வெளித்தோற்றம் விக்டோரியா அருகிலுள்ள ஹாட்லி கோட்டை. மேகமூட்டமும் தூறலும் ஓயாத அந்தப் பிரதேசத்தில் கான்ஸஸ் வெயிலை எப்படிக் கொண்டுவந்தார்களோ, விளக்குக்காரர்களுக்குத்தான் வெளிச்சம்.

பிற்பாதியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2004-இல் எரிகா டுரான்ஸ், கிளார்க் பின்னால் மணக்கப்போகிற லோயிஸ் லேனாக வந்தார். மங்கிக்கொண்டிருந்த நாடகத்துக்கு நகைச்சுவை வந்தது. 2006-இல் டபிள்யூ.பி. வேறொரு நிறுவனத்தோடு கலந்து சி.டபிள்யூ. ஆயிற்று. 2008-இல் கஃப், மில்லர் இருவரும் விலகினார்கள். ரோஸன்பாமும் விலகினார், லானாவும் போனாள். எஞ்சியவர்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்து, பத்திரிகை ஆபீஸில் வேலை செய்து, காமிக்ஸில் உள்ள வீரர்களையெல்லாம் ஒவ்வொருவராக விருந்துக்கு அழைத்தார்கள். விடலைப் பருவம் முடிந்தும் விடலைக்குரிய விதி மட்டும் முடியவில்லை. மீசை நரைக்கும் வயசிலும் பையனுக்குக் கால்சட்டை தைத்துப் போட்டதுபோல், முப்பது வயசை நெருங்கியவனைப் பறக்கவிடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். சிவப்புச் சட்டையும் நீலப் பனியனுமாக ஓடி மறைகிறவனுக்கு ஜனங்கள் சிவப்பு-நீல மங்கல் என்று பெயரிட்டார்கள். பிறகு வெறும் மங்கல் என்றாயிற்று. 2011 மே 13-இல், 217-ஆம் காட்சியில், ரோஸன்பாம் திரும்பி வந்தார், கிளார்க் பறந்தான். உடுப்பைத் தூரத்திலிருந்து, சித்திர வித்தையால் காட்டினார்கள்; அதுவும் 2006-இல் வேறொரு நடிகருக்காகத் தைத்த சினிமா உடுப்பு. அண்மையில் நின்ற வெல்லிங் சட்டைப் பொத்தான்களைப் பிரித்து மார்பைக் காட்டியதோடு சரி. 2019-இல் வேறொரு நாடகத்தில் அதே கிளார்க்காக ஒரு சில நிமிஷம் வந்தபோதும், சக்திகளைத் துறந்துவிட்டுப் பெண்குழந்தைகளை வளர்த்துக்கொண்டு பண்ணையில் இருக்கிற குடியானவனாகத்தான் வந்தார்.

நிற்க. வழக்கு என்ன ஆயிற்று? அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டு, எழுதிக்கொடுத்த பதிப்புரிமையை நெடுங்காலத்துக்குப் பின் மீட்டுக்கொள்ள ஆசிரியரின் வாரிசுகளுக்கு வழி பிறந்திருந்தது. 2004 நவம்பர் முதல் சூப்பர்பாய் தங்களுக்கே திரும்பிவிட்டான் என்று சீகலின் மனைவியும் மகளும் அறிவித்தார்கள். 2006 மார்ச்சில் ஒரு நீதிபதி அதை ஒப்புக்கொண்டார். ‘ஸ்மால்வில்’ நாடகம் அந்த உரிமையை மீறுகிறதா என்பது விசாரணைக்குரிய விஷயம் என்றும் சொன்னார். ஐந்தாம் ஆண்டு ஓடிக்கொண்டிருந்த நாடகத்தின் அஸ்திவாரத்தில் கடப்பாரை விழுந்ததுபோல் ஆயிற்று. மறு ஆண்டே வேறொரு நீதிபதி அந்த முடிவை மாற்றினார். 2013-இல் மேல்நீதிமன்றம் எல்லாவற்றையும் ஒரு பழைய கடிதத்தில் கொண்டுபோய் முடித்தது. வாரிசுகளின் வக்கீல் வார்னர் நிறுவனத்தின் சமரச நிபந்தனைகளை ஏற்பதாக எழுதிய கடிதம் அது. அதுவே பூரண ஒப்பந்தமாகும், அதன்பின் மீட்க ஒன்றுமில்லை என்று தீர்ப்பாயிற்று. கடிதத்தின் தேதி 2001 அக்டோபர் 19. சோளக்கொல்லையில் கட்டுண்ட பையனை ஜனங்கள் முதன்முதலாகப் பார்த்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

நாடகத்தின் காட்சி ஒவ்வொன்றிலும், நடிகர்களின் பெயர்களோடு, சூப்பர்மேனைப் படைத்தவர்கள் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் என்று ஒரு வரி திரையில் வந்துபோகும். ஷூஸ்டர் 1992-இலும் சீகல் 1996-இலும் இறந்துபோனார்கள்.